பாப்பா பெயருக்கு ஒரு பூட்டு

மாமனார் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

கணினித் திரையில் கோப்பு திறந்துதான் இருந்தது. படிக்கலாம், ரசிக்கலாம், பெருமூச்சு விடலாம். ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். அதன் கீழே குறிப்பு: ‘பூட்டியவர்: மாமனார். காரணம்: நான் எழுதிய பெயர்களை எல்லோரும் நிதானமாக யோசிக்கட்டும்.’

“உங்கப்பா எங்க போயிருக்காரு?” என்று படுக்கையறைப் பக்கம் குரல் கொடுத்தார் பண்பாளர்.

“மெதுவா பேசுங்க, பாப்பா இப்பதான் கண்ணசந்தா,” என்றார் அவர் மனைவி டீச்சர். “வாக்கிங் போயிருப்பாரு. ஏன்?”

“பேர் ஃபைலைப் பூட்டி வெச்சுட்டாரு. வெள்ளிக்கிழமை பதிவு ஆபீஸ்ல பேரைக் குடுத்தாகணும். இவரு பூட்டிட்டா எங்கம்மா எப்படி எழுதுவாங்க?”

“அதானே,” என்று சொல்லிவிட்டு டீச்சர் குழந்தையின் போர்வையைச் சரி செய்தார்.

பண்பாளர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். தண்ணீர் பம்புக்கும் துவைக்கும் இயந்திரத்துக்கும் கையேடு எழுதித் தரும் நிறுவனம் அது. ஒரே கையேட்டை ஐந்து பேர் திருத்துவார்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் நினைவில் வைத்துக்கொள்ள அங்கே ஒரு பதிப்புக் கிடங்கு உண்டு. அந்தக் கிடங்கில் ஒவ்வொரு கோப்பின் மேலும் சில பண்புகளை ஒட்டி வைக்கலாம். இதைப் பூட்டிய பிறகுதான் திருத்த வேண்டும், இந்த மாதிரிக் கோப்புகளைக் கண்டுகொள்ளவே வேண்டாம், இதில் வரிகள் இப்படித்தான் முடிய வேண்டும் என்பது போல. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது எழுதியவர் பாடு. வெளியே என்ன ஒட்டியிருக்கிறது என்பது நம் ஆள் பாடு. பண்புகளைக் காப்பவர் என்பதால் பண்பாளர். மற்றபடி அந்தப் பெயருக்கும் அவர் குணத்துக்கும் பெரிய பகை ஒன்றும் இல்லை.

பாப்பா பிறந்த மறுவாரமே அவருக்குக் கவலை பிறந்துவிட்டது. குழந்தை ஒன்று, தாத்தா வீடு ஒன்று, பாட்டி வீடு ஒன்று. பெயர் விஷயத்தில் சண்டை வராமல் இருக்குமா?

“யாரும் சண்டை போடலையேங்க,” என்றார் டீச்சர்.

“வரும். வந்தப்புறம் அடிச்சுக்கிட்டு நிக்கறதா? வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போடணும்.”

அணை போட்டார். அலுவலகக் கிடங்கின் ஒரு மூலையில் ‘வீடு’ என்று ஓர் உறையைத் திறந்து, அதற்குள் ‘பாப்பா பெயர்’ என்று ஒரு கோப்பை வைத்தார். பூட்டித்தான் திருத்த வேண்டும் என்ற பண்பை அதன் மேல் ஒட்டினார். தன் தாயாருக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று என்று இரண்டு கணக்குகளை உண்டாக்கி, தன் கணக்குக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்.

“பாஸ்வேர்டை ரெண்டு பேருக்கும் நீயே சொல்லிடு,” என்றார் மனைவியிடம். “எங்கம்மா போன்ல அழ ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. உங்கப்பா ‘ம்’முக்கு மேல பேச மாட்டாரு. எனக்கு ரெண்டுமே பயம்.”

“சரி, நான் பேசிக்கறேன்,” என்றார் டீச்சர்.

இரண்டு வீடுகளும் எழுதத் தொடங்கும் முன்பே பண்பாளர் தன் பங்குக்கு முதல் வரியில் ஒரு பெயரை எழுதிவிட்டார். பழைய அகராதியில் தேடிப் பிடித்த பெயர். சொல்லத் தொடங்கினால் நடுவில் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். பொருள் என்னவென்று கேட்டால், பொருளுக்குப் பொருள் சொல்ல இன்னோர் அகராதி வேண்டும். ஆனால் அவருக்கு அதன் மேல் அப்படி ஓர் ஆசை. தன் பெண் மேடையேறும்போது அந்தப் பெயரை யாரோ ஒலிபெருக்கியில் அறிவிப்பதை மூன்று முறை கனவு கண்டிருந்தார்.

“அட்டென்டன்ஸ் எடுக்கறப்ப இவ பேரைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பீரியடே முடிஞ்சிடுமேங்க,” என்றார் டீச்சர்.

“கூப்பிடக் கூப்பிடப் பழகிடும்.”

“சரி, பெரியவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்.”

டீச்சர் எட்டாம் வகுப்புக்குப் பல வருடங்களாக வகுப்பாசிரியை. எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். கணவர் சொன்னால் மறுத்தும் பேச மாட்டார். இப்படி ஒரு மனைவி கிடைத்ததற்குப் பண்பாளர் தினமும் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்வார்.

இப்போது இந்தப் பூட்டு.

கிடங்கின் காவலரே அவர்தான் என்பதால் யார் போட்ட பூட்டையும் உடைக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு நொடி தயங்கினார். பிறகு உடைத்தார். பாப்பா விழித்து, பால் குடித்து, மறுபடி தூங்கிய சற்று நேரத்தில் டீச்சர் கைப்பேசியோடு வந்து நின்றார்.

“ஏங்க, அந்தப் பூட்டை என்ன பண்ணினீங்க?”

“எடுத்தேன். ஏன்?”

“‘பூட்டை உடைத்தவர்: மாப்பிள்ளை’ன்னு அதுல வந்திருக்காம். நான் எவ்வளவோ சமாதானம் சொன்னேன். அப்புறம் ‘ம்’னாரு.”

“எப்படிச் சொன்னாரு? கோவமாவா?”

“அவரு ‘ம்’ல கோவம் எது, வருத்தம் எதுன்னு எனக்கே இன்னும் பிடிபடல.”

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் எதிரில் கால் மேல் கால் போட்டு உட்காராதவர் பண்பாளர். அந்த மாமனார் போட்ட பூட்டைப் போய் உடைத்திருக்கிறார்.

“நான் வேணா போன் பண்ணி மன்னிப்பு கேக்கட்டுமா?”

“வேண்டாம். இப்ப பேசினா இன்னும் பெருசாகும். நான் பேசிக்கறேன்.”

பூட்டு இருப்பதால்தானே உடைக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்தார் பண்பாளர். ‘பூட்டித்தான் திருத்த வேண்டும்’ என்ற பண்பையே பிய்த்து எடுத்துவிட்டார். இனி யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். நிம்மதியாக அலுவலகம் போனார்.

மத்தியானம் பாப்பா தூங்கும் நேரம் பார்த்து இரண்டு வீடுகளும் ஒரே வரியில் கை வைத்தன. ஒரே இடத்தை இரண்டு பேர் மாற்றினால், எது சரி என்று கிடங்குக்குத் தெரியாது. இரண்டையும் எழுதி, நடுவில் கோடு கிழித்து, ‘இது என்னுடையது’, ‘இது அவர்களுடையது’ என்று மேலும் கீழும் அம்புக்குறி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும்.

“அத்தை ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க,” என்றார் டீச்சர் மாலையில். “‘எம் பிள்ளை வீட்டு ஃபைல்ல நான் எப்ப இருந்து அவங்க ஆனேன்?’னு.”

“ஐயோ, அது மெஷின் போடறது! எங்கம்மாவை நான் அப்படிச் சொல்வேனா?”

“நானும் அதைத்தான் சொன்னேன். ‘மெஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?’ங்கறாங்க.”

பண்பாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்ததில் ஒரே கோப்பில் இரண்டு வீட்டைக் குடிவைத்ததுதான் தப்பு என்று பட்டது. தனிக்குடித்தனம் வைத்துவிட்டால் தீர்ந்தது. அம்மாவுக்கு ஒரு கோப்பு, மாமனாருக்கு ஒரு கோப்பு என்று பிரித்தார். தன் பெயரை எடுத்து மூன்றாவது கோப்பில் தனியாக வைத்தார். அதன் மேல் மட்டும், ‘படிக்கலாம், திருத்தக் கூடாது’ என்று ஒரு பண்பை ஒட்டினார். அதிகாரம் கையில் இருக்கும்போது ஒரு சின்ன ஆசை. அதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா?

பிரித்ததில் அம்மாவின் கோப்புப் பக்கத்தில் தானாக உருவான நகல்கள் குப்பையாகச் சேர்ந்தன. ‘அம்மா 1’, ‘அம்மா 2’, ‘அம்மா பழையது’. இந்த மாதிரிக் குப்பைகளைக் கண்டுகொள்ளாதே என்று உறைக்கு ஒரு பண்பு கொடுத்தால் கிடங்கு அவற்றைத் தொடாது. பண்பாளர் கொடுத்தார். ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல்பட்டு, ‘அம்மா’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மறுநாள் டீச்சர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘புறக்கணிக்க வேண்டியவை: அம்மா.’

“அத்தை நேத்து ராத்திரி சாப்பிடலையாம்,” என்றார் டீச்சர்.

“அது அவங்க இல்ல! பழைய நகல்! குப்பை!”

“அதைச் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கும் சாப்பிட மாட்டாங்க.”

பண்பாளர் கைப்பேசியை எடுத்தார். டீச்சர் மெல்ல அதை வாங்கி மேசையில் வைத்தார்.

“இப்ப அழுதுட்டு இருக்காங்க. நீங்க பேசினா அழுகை கூடும். நான் பேசிக்கறேன்.”

இந்த மனுஷி மட்டும் இல்லையென்றால் நம் கதி என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குக் கண் கலங்கியது. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு, சரியான தூக்கம் இல்லாமல், இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறாள். குழந்தையின் துணிகளை அன்று அவரே அலசிப் போட்டார். நாற்காலி முதுகு, சன்னல் கம்பி, புத்தக அலமாரி என்று இடம் கிடைத்த எல்லா இடத்திலும் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன.

புறக்கணிப்பை நீக்கினார். நீக்கிய கையோடு இன்னொன்று கண்ணில் பட்டது. மாமனாரின் கோப்பில் வரிகள் ஒழுங்காக முடியாமல், எல்லாப் பெயர்களும் ஒட்டிக்கொண்டு ரயில் பெட்டிகள் போல ஒரே வரியில் ஓடின. பழைய கணினியில் எழுதினால் அப்படி ஆவதுண்டு. எல்லாக் கோப்பிலும் வரிகள் ஒரே மாதிரி முடியட்டும் என்று ஒரு பண்பை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரு முறை சீராக்கிச் சேமித்தார். நல்ல காரியம்தான். ஆனால் சீராக்கும்போது ஒவ்வொரு வரியும் அவர் கை பட்டு மாறியதாகக் கிடங்கு கணக்கில் எழுதிக்கொண்டது. எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது: மாப்பிள்ளை.

மாமனாரின் கோப்பில், சம்பந்தியம்மா சொன்ன பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ‘இது பசு மாட்டுக்கு வைக்கிற பெயர்.’

அம்மாவின் கோப்பில், மாமனார் சொன்ன பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ‘இது பல்பொடிக்கு வைக்கிற பெயர்.’

“ரெண்டையும் நீங்கதான் எழுதினதா காட்டுதாம்,” என்றார் டீச்சர். “அத்தை, ‘எம் பிள்ளையா என்னை இப்படி எழுதினான்?’ங்கறாங்க. அப்பா...”

“‘ம்’னாரா?”

“இல்லீங்க. இந்தத் தடவை அதுகூடச் சொல்லல.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானாலும் பரவாயில்லை, குரங்கு கடிக்காமல் இருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டார் பண்பாளர். வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ‘வீடு’ உறை மொத்தத்துக்கும் பூட்டுப் பண்பைத் திரும்ப ஒட்டினார். யாராவது திறக்கப் பார்த்தால் தெரியும்படி ஓர் அறிவிப்பும் எழுதினார். பதற்றத்தில், உறையைச் சுட்டுவதற்குப் பதில் கிடங்கின் தலைவாசலைச் சுட்டிவிட்டார். மேலே ஒட்டிய பண்பு கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும். பம்பு, துவைக்கும் இயந்திரம், மின்விசிறி என்று நிறுவனத்தின் அத்தனை கையேடுகளும் ஒரே நேரத்தில் இறுகிப் போயின.

சற்று நேரத்தில் அவர் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பம்புக் கையேடு எழுதுபவர் கையைத் தூக்கினார்.

“அண்ணே, ‘தண்ணி கசிஞ்சா உடனே நிறுத்தவும்’னு ஒரு வரி சேர்க்கணும். ‘பெரியவர்கள் சம்மதிக்கும் வரை யாரும் தொடக் கூடாது’ன்னு வருது. எங்கம்மா ஊருக்குப் போயிருக்காங்க. மாமியார் சம்மதிச்சாப் போதுமா?”

மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“நம்ம ஆபீஸ்ல பெரியவங்கன்னா யாருய்யா?”

“நீங்கதான் சார்.”

“நான் சம்மதிச்சுட்டேன். திறங்க.”

திறந்தார். அவசரத்தில் இரண்டு முறை தப்பாகத் திறந்து, மூன்றாம் முறை சரியாகத் திறந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். கிடங்கின் மூலையில் சொந்தக் குடும்பத்தைக் குடிவைத்ததற்கு வேலையே போகும் என்று நினைத்தார். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“பாப்பாவுக்கு இன்னும் பேரு வைக்கலையா?”

“ரெண்டு வீட்லயும் ஒத்து வரல சார்.”

“எம் பொண்ணுக்கு நான் பேரு வெச்ச கதை தெரியுமா? ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போனேன். வெச்சிருந்தாங்க. அவ்வளவுதான். நீங்க லீவு போட்டுட்டுக் கிளம்புங்க. அந்த உறையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.”

வீட்டுக்கு வந்தபோது டீச்சர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பாப்பா பாயில் மல்லாந்து கிடந்து, தன் கையையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நல்ல சேதி,” என்றார் டீச்சர். “ரெண்டு வீடும் ஒரு விஷயத்துல ஒத்துப்போயிருக்காங்க.”

“அப்பாடா! என்ன?”

“நீங்க வெச்ச பேரு வேண்டாமாம். அதை மட்டும் யாரும் தொட முடியாதபடி வெச்சிருக்கீங்களாமே. அத்தை மனசு விட்டுட்டாங்க. ‘எங்க பேரையெல்லாம் குப்பையில போட்டுட்டுத் தன் பேரை மட்டும் பத்திரப்படுத்திக்கிட்டான்’னு.”

பண்பாளருக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லில் உண்மை இருந்ததுதான் காரணம். பாயில் உட்கார்ந்து மகளைப் பார்த்தார். கடைசியாக ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் பாதிப் பெயரைத் தாண்டும்போது பாப்பா பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். அவர் சொல்லி முடிக்கும்போது வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இத்தனூண்டு உயிரை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டை ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிட்டோமே என்று மனம் கரைந்தது. இவள் வளர்ந்து ஒருநாள், என் பெயரால்தான் பாட்டியும் தாத்தாவும் பேசிக்கொள்வதில்லையா என்று கேட்டால் என்ன சொல்வது? மேடையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம் என்று முடிவு செய்தார்.

“என் பேரை எடுத்துடறேன்,” என்றார். “ஃபைலையும் எடுத்துடறேன். நீயே ஒரு பேரு சொல்லு. நீ சொன்னா ரெண்டு பேருமே தட்ட மாட்டாங்க.”

“நானா? திடீர்னு கேட்டா எப்படிங்க?”

டீச்சர் ஒரு துணியை மடித்தார். இன்னொன்றை மடித்தார். மூன்றாவது துணியை எடுக்கும்போது ஒரு பெயரைச் சொன்னார். சின்னப் பெயர், ஒரே மூச்சில் இரண்டு முறை சொல்லலாம். பண்பாளர் அதைச் சொல்லிப் பார்த்தார். பாப்பா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மறுபடி சொன்னார். அவள் காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏய், இது நல்லா இருக்கே!” என்றார் பண்பாளர். “உனக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் தோணுச்சு?”

“என்னமோ தோணுச்சு,” என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெயர் பதிவாகிவிட்டது. மறுநாள் பாப்பாவைப் பார்க்க இரண்டு வீட்டுக்காரர்களும் வருவதாகச் சேதி வந்தபோது பண்பாளருக்கு உதறல் எடுத்தது. ஒரே நாளில், ஒரே கூடத்தில்! சோபாவை ஒரு பக்கமும் நாற்காலியை எதிர்ப் பக்கமும் இழுத்துப் போட்டு, நடுவில் பாப்பாவின் தொட்டிலை வைத்தார்.

அம்மா வந்ததும் மகனைக்கூடப் பார்க்காமல் தொட்டிலுக்கு ஓடினார். அடுத்து மாமனார் வந்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். இருவரும் குனிந்து, ஆளுக்கொரு பக்கமாக, அந்தப் புதுப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கொஞ்சினார்கள். “மூக்கு உங்க மாதிரிங்க.” “அப்படியா? நெத்தி உங்க பிள்ளை மாதிரி.” பசு மாடும் பல்பொடியும் போன இடம் தெரியவில்லை.

பெரிய மனசுக்காரர்கள் என்று நினைத்தார் பண்பாளர். இத்தனை நடந்தும் குழந்தைக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் சமையலறையிலிருந்து தேநீர்த் தட்டோடு வருவதற்குள் அவர் கூடத்தின் நடுவில் வந்து கைகூப்பி நின்றுவிட்டார்.

“மாமா, அம்மா, ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும். உங்க பூட்டை நான் உடைச்சிருக்கக் கூடாது மாமா. அம்மா, அந்தப் புறக்கணிப்பு, பசு மாடு எதுவுமே நான் மனசறிஞ்சு எழுதினது இல்லம்மா. ஃபைலை அழிச்சுட்டேன். இனிமே குடும்ப விஷயத்துல பண்பு, பூட்டு எதையும் கொண்டு வர மாட்டேன்.”

அம்மா சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி அம்மாவைப் பார்த்தார். சமையலறை வாசலில் தேநீர்த் தட்டு நின்றுவிட்டது. ‘ம்’முக்கு மேல் பேசாத மாமனார், கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்முறையாக மாப்பிள்ளையிடம் நீளமாகப் பேசினார்.

“என்ன பூட்டு, என்ன மாடு மாப்ள, எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாது, குழந்தை பொறந்த அன்னிக்கே எம் பொண்ணு இந்தப் பேரைச் சொல்லி, நாங்க ரெண்டு பேரும் சரின்னு சொல்லியாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி, அதை நான் பேசிக்கறேன்னு சொன்னாளே!”